டெஸ்டிங் லேப் டைமை எப்படித்தான் படிப்பது? வருடா வருடம் ஏமாறுகிறேன்

கடைசிவரிசை (கேள்வி)

ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். ஃபார்முலா 1 கார் ரேஸ் சீசனுக்கு முந்தைய டெஸ்டிங் (சோதனை ஓட்டம்) நடக்கும் நாளெல்லாம் லைவ் டைமிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன், எல்லோருடைய சிறந்த லேப்பையும் எக்செல்லில் ஏற்றுகிறேன், யார் எந்த டயரில் ஓட்டினார்கள் என்று பார்த்து டயரின் மென்மையில் ஒரு படிக்கு 0.6 விநாடி என்று கூட்டிக் கழித்து ஒரு வரிசை போடுகிறேன். அந்த வரிசையை நண்பர்களோடு ஆடும் கணிப்புப் போட்டியில் போட்டுவிட்டு முதல் ரேஸ் முடிந்ததும் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறேன்.

2023 பஹ்ரைன் டெஸ்டிங்கில் மூன்று நாளும் சேர்த்துப் பார்த்தால் பெரெஸ் 1:30.305 முதலிடம், ஆல்ஃபா ரோமியோவில் ஜோ குவான்யூ 1:30.610 இரண்டாவது, ஹாமில்டன் மூன்றாவது. நான் ஆல்ஃபாவைத் தூக்கி முதல் நான்கு அணிகளுக்குள் வைத்தேன். அவர்கள் அந்த வருடத்தை ஒன்பதாவது அணியாக முடித்தார்கள். அலோன்சோவை நடுவில் எங்கோ போட்டிருந்தேன், மனிதர் முதல் ரேஸிலேயே மூன்றாம் இடத்தில் மேடை ஏறினார்.

2025இல் இன்னும் மோசம். வில்லியம்ஸில் சைன்ஸ் 1:29.348, அடுத்து ஃபெராரியின் ஹாமில்டனும் லெக்ளெரும். மெக்லாரன் அந்த மூன்றில் இல்லவே இல்லை. வருட முடிவில் ஓட்டுநர், அணி இரண்டு பட்டமும் மெக்லாரனுக்கு. வில்லியம்ஸ் ஐந்தாவது (அவர்களுக்கு அது நல்ல வருடம்தான், ஆனால் நான் பணயம் வைத்தது அதற்கு மேலே).

ஆக, என் கேள்வி: டயருக்குக் கழிப்பதுபோல எரிபொருளுக்கும் கழிக்க ஏதாவது சூத்திரம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் எதைப் பார்க்கிறீர்கள்? "டெஸ்டிங்கை நம்பாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கே தெரியும்.

---

ஸ்டின்ட்பார்ப்பவன்

சூத்திரம் இருக்கிறது, அதில் போட வேண்டிய எண்தான் யாரிடமும் இல்லை. பிரச்சினை முழுக்க அங்கேதான்.

பொதுவாக எல்லோரும் எடுத்துக்கொள்ளும் கணக்கு, 10 கிலோ எரிபொருள் கூடினால் லேப் கிட்டத்தட்ட 0.3 விநாடி மெதுவாகும், டிராக்கைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். 2019 முதல் 2025 வரையிலான விதியில் ஒரு ரேஸுக்கு 110 கிலோ வரை பயன்படுத்தலாம். அதாவது நிறைந்த டேங்குக்கும் காலி டேங்குக்கும் நடுவில் மூன்று விநாடிக்கு மேல் கிடக்கிறது. இப்போது மறுபக்கம் பாருங்கள். 2024 பஹ்ரைனில் முதல் சுற்று குவாலிஃபையிங்கில் (ரேஸில் யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று முடிவு செய்யும் ஓட்டம்) முதல் காருக்கும் 20வது காருக்கும் இடைவெளி கிட்டத்தட்ட ஒரு விநாடிதான். மொத்த வரிசையும் ஒரு விநாடிக்குள் அடங்கிவிடுகிறது என்றால், அதை எரிபொருளாக மாற்றினால் சுமார் 35 கிலோ! யார் டேங்கில் 15 கிலோ, யார் டேங்கில் 50 கிலோ என்று தெரியாத நிலையில் நீங்கள் மூன்றாவது தசமம் வரை வரிசை போடுகிறீர்கள். உங்கள் எக்செல்லில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருக்கும். ஒரு சிறந்த லேப்பை மட்டும் வைத்துக்கொண்டு பதில் கிடைக்கிற கேள்வி அல்ல அது.

டயருக்கு ஒரு படிக்கு 0.6 என்று நிரந்தரமாக வைத்திருக்கிறீர்களே, அதையும் எடுத்துவிடுங்கள். பஹ்ரைன் தார் ரொம்பக் கரடு, பின் டயரை வறுத்தெடுக்கும் இடம். அங்கே ரேஸுக்கு வழக்கமாக வருவது சி1, சி2, சி3 (சி1 ரொம்பக் கெட்டியான டயர், எண் கூடக் கூட மென்மை). டெஸ்டிங்கில் யாராவது சி5ஐ மாட்டிக்கொண்டு வெளியே போனால் முதல் செக்டரில் (லேப்பின் மூன்று பகுதிகளில் முதலாவது) பறக்கும், கடைசி வளைவு வரும்போது டயர் சூடேறி வழுக்க ஆரம்பித்திருக்கும். ஆகவே சி3க்கும் சி4க்கும் உள்ள இடைவெளி ஒன்று, சி4க்கும் சி5க்கும் உள்ள இடைவெளி வேறொன்று, அதுவும் மாலை ஆறு மணிக்கு ஒரு விதம், மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு விதம். எந்தக் காருக்கு அந்த டயர் பிடிக்கும் என்பதைப் பொறுத்தும் மாறும்.

வெப்பம் எவ்வளவு விளையாடும் என்பதற்கு நீங்கள் சொன்ன 2025ஐயே எடுத்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் சைன்ஸ் ஓட்டியது 1:29.348. அதே டிராக்கில் ஏப்ரலில் மெக்லாரனின் பியாஸ்ட்ரி போல் (குவாலிஃபையிங் முதலிடம்) எடுத்த லேப் 1:29.841. நடுவில் எல்லா அணிகளும் காரை மேம்படுத்தியிருந்தன, போல் லேப்பில் டேங்கைக் காலியாகத்தான் வைத்திருப்பார்கள், இருந்தும் அரை விநாடி மெதுவு. டெஸ்டிங் நடந்த வாரம் அங்கே வழக்கத்தைவிடக் குளிர், தூறல்கூட விழுந்தது. டிராக் குளிர்ந்தால் டயர் பிழைக்கும், என்ஜினுக்கும் அடர்ந்த காற்று கிடைக்கும். அதனால் ஒரே டெஸ்டிங்குக்குள்ளும் காலை நேர டைமையும் சூரியன் இறங்கிய பிறகு வந்த டைமையும் ஒரே பத்தியில் போட்டு ஒப்பிடாதீர்கள். ரேஸும் குவாலிஃபையிங்கும் அங்கே இரவில்தான், கடைசி ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் மதிப்பு. காலையில் ஓட்டுவதெல்லாம் பெரும்பாலும் காரின் மேல் பச்சை பெயின்ட் பூசிக் காற்று எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கும், முன் சக்கரத்துக்குப் பின்னால் பெரிய கம்பி வலையைக் கட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் போய் அளப்பதற்கும்தான்.

---

பாதுகாப்புகார்

இதெல்லாம் வேலையத்த வேலை. 2019 பார்சிலோனா நினைவிருக்கிறதா? வெட்டல் 1:16.221, ஹாமில்டன் 1:16.224. 0.003 விநாடி வித்தியாசம், அதுவும் ஃபெராரி எந்நேரமும் சுலபமாக ஓடிக்கொண்டிருந்தது, மெர்சிடிஸ் திணறியது. ஃபெராரிதான் சாம்பியன் என்று ஊரே எழுதியது. மெல்போர்னில் போட்டாஸ் ஜெயித்தார், ஹாமில்டன் இரண்டாவது, வெட்டல் நான்காவது, ஜெயித்தவருக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் பின்னால். முதல் எட்டு ரேஸையும் மெர்சிடிஸ் அள்ளியது.

மூன்று நாள் தூங்கிவிட்டு நேராக முதல் குவாலிஃபையிங்குக்கு எழுந்திருங்கள். நான் அதைத்தான் செய்கிறேன், கணிப்புப் போட்டியில் உங்களைவிட மேலேதான் இருப்பேன்.

---

பழையவி10

பாதுகாப்புகார் சொல்வதில் பாதி உண்மை. 2019இல் மெர்சிடிஸ் இரண்டாவது வாரத்துக்கு முற்றிலும் வேறு ஏரோ பேக்கேஜோடு (காற்றைக் கையாளும் பாகங்கள்) வந்தது, அதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கே நாள் தேவைப்பட்டது. முதல் வாரத்தில் திணறிய காரும் மெல்போர்னுக்குப் போன காரும் ஒன்றல்ல. டெஸ்டிங் பொய் சொல்லவில்லை, நாம்தான் படம் முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டோம்.

ஆனால் டெஸ்டிங்கில் ஒன்றுமே தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. 2014 ஹெரெஸை எடுங்கள். புது ஹைப்ரிட் என்ஜின் வந்த வருடம். நாலு நாளில் மெர்சிடிஸ் அணி 309 லேப் ஓட்டியது. நான்கு வருடம் தொடர்ந்து பட்டம் வாங்கியிருந்த ரெட் புல் ஓட்டியது மொத்தம் 21 லேப். இருபத்தொன்று! அந்த வாரத்தில் யார் வேகம் என்று டைமைப் பார்க்கவே தேவையில்லை, லேப் எண்ணிக்கையே போதும். மெர்சிடிஸ் அந்த வருடம் 19 ரேஸில் 16ஐ ஜெயித்தது. (ரெட் புல் அப்புறம் தேறி மீதி மூன்றையும் ஜெயித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஹெரெஸில் 21 லேப் என்றால் வருடமே போச்சு என்று அர்த்தமில்லை.)

இன்னும் ஒரு ஓரத்தில் பார்த்தால் நம் நரேன் கார்த்திகேயன் கதை. 2011இல் எச்.ஆர்.டி அணி டெஸ்டிங்கில் பழைய காரைத்தான் ஓட்டியது, புதுக் கார் முதன்முதலில் சக்கரம் சுழற்றியதே மெல்போர்னில். நரேன், லியூட்சி இரண்டு பேருமே 107 சதவீத வரம்புக்குள் (குவாலிஃபையிங் முதல் சுற்றின் சிறந்த டைமில் 107 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும்) வர முடியாமல் ரேஸுக்கே தகுதி பெறவில்லை. 2012இலும் புதுக் கார் டெஸ்டிங்குக்கு வந்து சேரவில்லை, மெல்போர்னில் மறுபடி நரேனும் டி லா ரோசாவும் வெளியே. டெஸ்டிங்கில் ஓட்டாத கார் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அன்று காலை அலாரம் வைத்து எழுந்தவன் நான், இன்னும் ஆறவில்லை.

2009 பிரான் அணியும் உண்டு. ஹோண்டா விட்டுவிட்டுப் போன அணி, மார்ச் மாதம் கடைசி நேரத்தில் பார்சிலோனாவுக்கு வெள்ளைக் காரோடு வந்து முதலிடம் பிடித்தது. ஸ்பான்சர் பிடிக்கக் காலி டேங்கில் ஓட்டுகிறார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை, ஏனென்றால் 2001இல் ப்ரோஸ்ட் அணி குளிர்கால டெஸ்டிங்கில் அலெசியை வைத்துப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்து, சீசன் முழுக்க வாங்கியது 4 புள்ளி, அடுத்த வருடம் தொடங்கும் முன்பே திவால். டெஸ்டிங்கில் யாரும் காரை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதில்லை, விதிப்படி இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை, அதை மறக்காதீர்கள். ஆக ப்ரோஸ்ட்டும் பிரானும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள். ஆனால் பிரான் கார் நீண்ட ரன்னிலும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. பட்டன் முதல் ஏழு ரேஸில் ஆறை ஜெயித்தார்.

இன்னொன்று, நாம் எல்லோரும் "சாண்ட்பேக்கிங், சாண்ட்பேக்கிங்" (வேகத்தை வேண்டுமென்றே ஒளித்து வைப்பது) என்று கத்துகிறோமே, அதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. 2020இல் ஃபெராரி தாங்கள் மெதுவாக இருக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னது. ஒளித்து விளையாடுகிறார்கள் என்றோம். ஆறாவது இடத்தில் முடித்தார்கள். 2022இல் மெர்சிடிஸ் பஹ்ரைனுக்குப் பக்கவாட்டே இல்லாத மாதிரி ஒரு காரைக் கொண்டுவந்தது, நேர்ச்சாலையில் அது குதிரை மாதிரி குதித்தது, வெற்றிக்குப் போட்டி போடும் நிலையில் இல்லை என்று ஹாமில்டன் சொன்னார். இவர்கள் எப்போதும் இப்படித்தான் புலம்புவார்கள் என்று சிரித்தோம். அந்த வருடம் முழுக்க அவர்களுக்கு ஒரே ஒரு வெற்றி, அதுவும் நவம்பரில் பிரேசிலில் ரஸல். மெதுவாக இருக்கிறேன் என்று சொல்பவனை நம்பலாம் என்பது என் அனுபவம். வேகமாக இருக்கிறேன் என்று காட்டுபவனைத்தான் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

---

கடைசிவரிசை

அருமை, நன்றி அண்ணே. பாதுகாப்புகார், நீங்கள் என்னைவிட மேலே இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என் கீழே இருக்க இடமே கிடையாது.

சரி, சிறந்த லேப்பை விட்டுவிடுகிறேன். லாங் ரன்னுக்கு வருவோம். உதாரணத்துக்கு இப்படி இரண்டு ஸ்டின்ட் (பிட்டுக்கு வராமல் தொடர்ந்து ஓட்டுவது) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், இரண்டும் சி3, இரண்டும் ஒரே மாலை, இரண்டும் 14 லேப். முதல் கார் 1:36.4இல் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏறி 1:37.1இல் முடிக்கிறது. இரண்டாவது கார் 1:37.0இல் ஆரம்பித்து 1:37.1இல் முடிக்கிறது. சராசரி போட்டால் முதல் கார் 0.3 விநாடி வேகம். நான் இருந்தால் முதல் காரைத்தான் மேலே போட்டிருப்பேன். இது சரியா?

---

ஸ்டின்ட்பார்ப்பவன்

இந்த உதாரணத்தை வைத்தே சொல்கிறேன், நல்ல உதாரணம்.

பஹ்ரைனில் 57 லேப், சுமார் 100 கிலோவுக்கு மேல் எரிபொருள், அப்படியானால் லேப்புக்கு 1.8 கிலோ போலக் கரைகிறது. 0.03ஆல் பெருக்கினால் ஒவ்வொரு லேப்பும் எடை குறைவதாலேயே 0.05, 0.06 விநாடி வேகமாக வேண்டும். டயர் தேயவே தேயாது என்றால் உங்கள் வரிசை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஆகவே முதல் காரில் திரையில் தெரியும் ஏற்றம் டயர் தேய்மானத்தில் பாதியைத்தான் காட்டுகிறது, மீதிப் பாதியை எரிபொருள் விழுங்கிவிடுகிறது. முதல் கார் 13 லேப் இடைவெளியில் 0.7 ஏறியிருக்கிறது, லேப்புக்கு 0.054, அதோடு எரிபொருள் கொடுத்த 0.055ஐயும் சேர்த்தால் உண்மையான தேய்மானம் லேப்புக்கு 0.11. இரண்டாவது கார் கிட்டத்தட்ட தட்டையாக ஓடுகிறது, தேய்மானம் 0.06 போல. பாதிக்குப் பாதி வித்தியாசம்!

இங்கேதான் விஷயம். டேங்கில் 20 கிலோ கூட இருந்தாலும் குறைவாக இருந்தாலும் லேப்புக்குக் கரைவது அதே 1.8 கிலோதான். அதனால் கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை எரிபொருள் மாற்றும், கோட்டின் சாய்வை அவ்வளவாக மாற்றாது. உயரத்தை ஒளிக்கலாம், சாய்வை ஒளிப்பது கஷ்டம். இரண்டாவது கார் 20 கிலோ அதிகமாக வைத்துக்கொண்டு ஓடியிருந்தால் 0.6 விநாடியைக் கழிக்க வேண்டும், அப்போது சராசரியில் அதுதான் 0.3 முன்னால். உங்கள் முடிவு தலைகீழ். 20 கிலோ இருந்ததா என்று நமக்குத் தெரியாது. ஆனால் தேய்மானத்தில் இரண்டாவது கார் நல்ல கார் என்பது 20 கிலோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்கும்.

கணக்குப் போடும்போது இரண்டு சின்ன விஷயம். ஸ்டின்ட்டின் முதல் லேப்பைத் தூக்கிவிடுங்கள், டயர் புதிது, பேட்டரி நிறைவு, அது தனி. நடுவில் யாராவது முன்னால் வந்து 1.5 விநாடி போன லேப்பையும் தூக்கிவிடுங்கள், சராசரிக்குப் பதிலாக நடுமதிப்பை எடுத்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

---

பத்தாம்வளைவு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், ஸ்டின்ட்பார்ப்பவன் சொன்ன சாய்வு ஒளிக்க முடியாதது என்பதை முழுசாக ஏற்க முடியவில்லை. ஓட்டுநர் ஒளிக்கலாம்.

முதல் ஐந்து லேப்பில் டயரைத் தடவிக்கொடுத்து ஓட்டிவிட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் கோடு தட்டையாகத்தான் வரும், காரின் தேய்மானம் எவ்வளவு மோசமாக இருந்தாலும். ரேஸிலும் இப்படித்தான் ஓட்டுவார்கள், ஆகவே இது ஏமாற்று வேலைகூட இல்லை, பொறியாளர் இந்த லேப் டைமைப் பிடி என்று ரேடியோவில் சொல்லியிருப்பார். உங்கள் உதாரணத்தில் இரண்டாவது கார் 1:37.0, 1:37.1 என்று கோடு போட்டமாதிரி ஓடுகிறதே, எனக்கு அதைப் பார்த்ததும் டயர் நல்லது என்று தோன்றவில்லை, யாரோ இலக்கு கொடுத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

எப்படிக் கண்டுபிடிப்பது? செக்டராகப் பிரித்துப் பாருங்கள். பஹ்ரைனில் முதல் செக்டரும் மூன்றாவது செக்டரும் பெரும்பாலும் நேர்ச்சாலையும் பிரேக்கும், நடு செக்டரில்தான் வளைவுகள். டயரை மிச்சம் பிடிக்கும் ஓட்டுநர் நடு செக்டரில்தான் விட்டுக்கொடுப்பார். லேப் டைம் மொத்தத்தில் தட்டையாக இருந்து, நடு செக்டர் ஆரம்பத்தில் மெதுவாக இருந்து போகப் போக வேகமாகிறது என்றால் ஆள் சேமித்து வைத்துச் செலவு செய்கிறார். எல்லா செக்டரும் தட்டையாகவே இருந்தால் ஸ்டின்ட்பார்ப்பவன் சொல்வது சரி, கார் உண்மையாகவே டயரைக் காப்பாற்றுகிறது. ஆன்போர்டு கேமரா கிடைத்தால் இன்னும் சுலபம், பிரேக் குறிக்கு முன்பே என்ஜின் சத்தம் அடங்குகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டால் போதும்.

அணிகள் செய்வதும் இதன் பெரிய வடிவம்தான். எல்லாக் கார்களின் ஜி.பி.எஸ் தரவும் எல்லா அணிகளுக்கும் கிடைக்கும். மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது கார் எவ்வளவு வேகமெடுக்கிறது என்பது எடையையும் என்ஜின் சக்தியையும் சேர்த்துச் சொல்லும். வேகமான வளைவின் நடுவில் காரின் வேகம் எடையையும் பிடிப்பையும் சொல்லும், அங்கே என்ஜின் எந்த மோடில் இருக்கிறது என்பது அவ்வளவாகப் புகாது. இரண்டையும் வைத்துக்கொண்டு எதிராளி டேங்கில் எவ்வளவு, என்ஜினை எவ்வளவு திருகியிருக்கிறான் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்கே சில தசமங்கள் முன்பின் போகும்போது நாம் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும்.

---

ஸ்டின்ட்பார்ப்பவன்

ஒப்புக்கொள்கிறேன், "கஷ்டம்" என்றுதான் சொன்னேன், முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் நான் சொன்ன தொனி அப்படித்தான் இருந்தது. செக்டர் பார்ப்பது நல்ல யோசனை.

ஆனால் வீட்டிலிருந்தே எரிபொருளை ஓரளவு கட்டிப்போட ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். 14 லேப் ஸ்டின்ட்டில் டேங்கில் குறைந்தது 25 கிலோ இருந்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் தெரியும், 90 கிலோகூட இருக்கலாம். முழு ரேஸ் சிமுலேஷனில் அப்படி முடியாது. ஒரு கார் வெளியே வந்து 57 லேப்பையும் ரேஸ் மாதிரியே ஓட்டுகிறது, நடுவில் இரண்டு முறை பிட்டுக்கு வந்து சில விநாடியில் டயரை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறது என்றால், எரிபொருள் நிரப்ப நேரமே இல்லை. அப்படியானால் முதல் லேப்பில் டேங்கில் ரேஸ் அளவு இருந்தே தீர வேண்டும். காரை கேரேஜுக்குள் தள்ளி ஐந்து பத்து நிமிடம் வைத்திருந்தால்தான் சந்தேகம். ஆகவே நான் டெஸ்டிங்கில் முதலில் பார்ப்பது லேப் டைமே இல்லை, பிட்டில் எவ்வளவு நேரம் நின்றது என்பதுதான்.

2025இல் உங்களை ஏமாற்றிய அதே டெஸ்டிங்கின் இரண்டாம் நாளுக்குத் திரும்பிப் போங்கள். நாள் முடிவில் சைன்ஸ், ஹாமில்டன், லெக்ளெர் என்று பட்டியல். அன்று மாலை நோரிஸ் ரேஸ் சிமுலேஷன் ஓட்டினார், லெக்ளெரும் அன்டோனெல்லியும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதையே செய்தார்கள். ஒரே டிராக், ஒரே குளிர், எரிபொருளை ஒளிக்க இடமில்லாத ரன். நோரிஸ் தெளிவாக வேகம். பட்டியலின் உச்சியை எழுதியவர்களுக்கு வில்லியம்ஸ் தெரிந்தது, அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்தவர்களுக்கு மெக்லாரன் தெரிந்தது. 2023 ஆஸ்டன் மார்டினும் இப்படித்தான், அலோன்சோவின் நீண்ட ரன்களைப் பார்த்தவர்கள் மேடை என்று அப்போதே சொன்னார்கள்.

ஜோவுக்கு ஒரு பரிகாரம் சொல்லிவிடுகிறேன். அந்த 2023 முதல் ரேஸில் வேகமான லேப் யாருடையது தெரியுமா? ஜோ குவான்யூ. கடைசியில் புது சாஃப்ட் டயர் மாட்டிக்கொண்டு, காலியாகப்போகிற டேங்கோடு. ரேஸில் முடித்தது 16வது. டெஸ்டிங்கில் அவர் என்ன செய்தார் என்பதை ரேஸிலேயே ஒரு முறை செய்துகாட்டிவிட்டார்.

---

பாதுகாப்புகார்

அந்த ஜோ விஷயம் நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2026 விதியில் உங்கள் எக்செல் என்ன ஆகும்? மின் மோட்டார் மட்டும் 350 கிலோவாட், சக்தியில் கிட்டத்தட்ட பாதி பேட்டரியிலிருந்து.

---

பத்தாம்வளைவு

இன்னும் குழப்பம்தான். முன்பு மறைந்திருந்தது எரிபொருளும் என்ஜின் மோடும். இப்போது ஒரு லேப்பில் மின்சாரத்தை எங்கே செலவழித்தார்கள், எங்கே திரும்பச் சேர்த்தார்கள் என்பதும் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு லேப்புக்கு முன்பு நிதானமாக ஓட்டி பேட்டரியை நிரப்பிக்கொண்டு வந்து முழுசாகக் கொட்டினால் டைம் அழகாக இருக்கும், அடுத்த லேப் படுத்துவிடும். நேர்ச்சாலை முடிவில் உச்ச வேகம் குறைந்தால் மோட்டார் ஓய்ந்துவிட்டதா, ஓய்வெடுக்கச் சொன்னார்களா என்று வெளியிலிருந்து பிரிக்க முடியாது. ஆகவே ஒற்றை லேப் இன்னும் மதிப்பிழக்கும், தொடர்ந்து பத்துப் பதினைந்து லேப் ஓட்டிக் காட்டுவதன் மதிப்பு கூடும், ஏனென்றால் பேட்டரியில் கடன் வாங்கி ஒரு லேப் ஓட்டலாம், பதினைந்து லேப் ஓட்ட முடியாது. புது விதி வருடம் என்றால் பழையவி10 சொன்ன லேப் எண்ணிக்கையையும் முதல் பத்தியிலேயே போட்டுவிடுங்கள்.

---

கடைசிவரிசை

எக்செல்லைத் திருத்திவிட்டேன். சிறந்த லேப் பத்தியை நீக்க மனசு வரவில்லை, சாம்பல் நிறமாக்கி ஓரத்தில் தள்ளியிருக்கிறேன். இப்போது முதல் பத்தி மொத்த லேப், அப்புறம் மாலை ஸ்டின்ட்டுகளின் நடுமதிப்பு, சாய்வு, நடு செக்டரின் சாய்வு தனியாக, பிட்டில் நின்ற நேரம். 2024 டெஸ்டிங்கின் டைம்களையும் தேடி உட்கார்ந்தேன். முதல் நாள் வெர்ஸ்டப்பன் 1:31.344, அடுத்தவரைவிட ஒரு விநாடிக்கு மேல் முன்னால், ஆனால் மூன்று நாள் முடிவில் உச்சியில் சைன்ஸ் 1:29.921. அப்போது நான் ஃபெராரியைத்தான் மேலே போட்டேன். ரேஸில் வெர்ஸ்டப்பன் 22 விநாடி முன்னால் முடித்தார், இரண்டாவது வந்ததும் ரெட் புல்தான்.

ஒரு சந்தேகம் மட்டும். ரேஸ் சிமுலேஷன் நடுவில் சிவப்புக் கொடி (ஓட்டத்தை நிறுத்தும் அறிகுறி) வந்து கார் உள்ளே போய்த் திரும்பி வந்தால் அந்த ரன்னை வைத்துக்கொள்ளலாமா?

---

ஸ்டின்ட்பார்ப்பவன்

கொடிக்கு முன்பு வரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வந்த லேப்பெல்லாம் தனி ஸ்டின்ட், டேங்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.